மூன்று நிமிடம்

ஆறு மூன்றாம் படி ஏறிய மார்கழி இரவில்
கீழ்வீட்டுப் பெண் மேலே வந்தாள்.
கையில் ஒரு பெட்டி, தலைமேல் ஒரு சாடி.
பெட்டியைத்தான் நனைய விட்டிருந்தாள்.

"வெள்ளம் வடியும் வரைக்கும்" என்றேன்.
வடிந்தது. சேறு அள்ளினோம், சுண்ணாம்பு அடித்தோம்.
கீழ்வீட்டுக்கு ஒரு வாட்ச் ரிப்பேர்க்காரர் குடிவந்து
அவர் பிள்ளைக்குக் காதும் குத்தியாயிற்று.
சிந்துபூந்துறையில் இந்த மாடியில்
அவள் இன்னும் இருக்கிறாள்.
பாதி வாடகை தருகிறாள்.
மீதிப் பாதிக்குச் சண்டை போடுகிறோம்:
அவள் தருவேன் என்கிறாள், நான் வேண்டாம் என்கிறேன்.

லின்தோய். இருபத்து மூன்று.
வண்ணாரப்பேட்டை பார்லரில் புருவம் திருத்துகிறவள்.
நேபாளமா, சீனாவா என்று கேட்கும் தெரு.
எனக்கு அவள் ஊர் ஓர் எண்ணாகத் தெரியும்,
பூச்சியம் மூன்று எட்டு ஐந்து.
டெலிபோன் ஆபீசில் நாற்பது வருடம் இருந்தவளுக்கு
இந்தியா அப்படித்தான்.

சாடிக்குள் இருப்பது ஙாரி.
மாதக்கணக்கில் மூச்சடக்கிக் கிடந்த மீன்.
முட்டைகூட வாசல் தாண்டாத சைவ வீடு இது.
ஒன்றாம் வகுப்பில் கேட்டேன்,
ங-வில் தொடங்கும் சொல் எது டீச்சர் என்று.
குட்டு விழுந்தது.
அறுபத்தாறு வயதில் அதற்கு விடை
அடுக்களை மூலையில் மூடிபோட்டு உட்கார்ந்திருக்கிறது.

"என்ன பிரமு, இப்படி நாறுது?" என்றாள் எதிர்வீட்டு ஆவுடை.
"சாக்கடை" என்றேன், கண் சிமிட்டாமல்.
அவள் கார்ப்பரேஷனில் எழுதிக் கொடுத்தாள்.
ஆள் வந்து
நல்லாயிருந்த சாக்கடையைத் தோண்டிப் போட்டுவிட்டுப் போனான்.

என் சொதியைக் கஞ்சி என்றாள்.
மீனில்லாமல் எனக்கென்று அவள் மசித்த கிழங்கை
பல் முளைக்காத பிள்ளைக்கு ஊட்டலாம் என்றேன்.
ஒரு பகல் முழுக்கப் பேச்சில்லை.

இரவில் அம்மாவோடு பேசுவாள்.
காதில் விழுவதைக் கேளாதிருப்பது என் தொழில்.
ஹெட்போனில் எத்தனை கல்யாணம் முறிந்திருக்கிறது,
எத்தனை பேர் செத்த சேதி கடந்திருக்கிறது,
ஒன்றையும் வீட்டுக்கு எடுத்து வந்ததில்லை.
அவள் பாஷை எனக்குத் தெரியாது.
மூச்சு தெரியும்.

புரட்டாசியில் அவள் ஊரில் கலவரம்.
நெட்டை அறுத்தார்கள். பிறகு டவரும் செத்தது.
மூன்று நாள் செல்லைத் தேய்த்துத் தேய்த்து
கட்டைவிரல் சிவந்திருந்தது.
சாப்பிடு என்றேன். சாப்பிட்டேன் என்றாள்.
தட்டு கழுவின ஈரமே இல்லை.

பீரோவுக்குப் பின்னாலிருந்த
பென்ஷன்காரிக்கான போனை இழுத்தேன்.
பின்னல் உறையை உருவினேன்.
பூச்சியம் மூன்று எட்டு ஐந்து.
பதினெட்டாம் தடவையோ பத்தொன்பதாம் தடவையோ
சளி கட்டிய குரல் ஒன்று, இரவுப் பணி.
"திருநெல்வேலி ஆபரேட்டர்" என்றேன்.
ஓய்வு பெற்று ஆறு வருடம்.
சாக்கடைக்கு அடுத்து இது இரண்டாவது பொய்.

எனக்குத் தெரிந்த இந்தி
அர்ஜென்ட், லைனில் இருங்கள், தயவுசெய்து.
அவனுக்கு அது போதுமாயிருந்தது.
எங்கெங்கோ ஒட்டினான்.
ஓர் அரிசி மில்லில் மணி அடித்தது.
யாரோ எடுத்து, லின்தோய் கத்திச் சொன்னதைக் கேட்டு
போனைக் கீழே வைக்காமல் ஓடினார்கள்.
செருப்புச் சத்தம் தேய்ந்து, நின்று,
நெடுநேரம் கழித்து
இரண்டு ஜோடியாகத் திரும்பி வந்தது.

ரிசீவரை அவளிடம் விட்டுவிட்டு
அடுக்களைக்குப் போனேன்,
தெரியாத பாஷையை ஒட்டுக் கேட்காமலிருக்க.
கண் தானாகக் கடிகாரத்துக்குப் போனது.
மூன்று நிமிடம் ஆயிற்று, நீட்டிக்கணுமா?
நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன்.

சும்மா நிற்கக் கை வராமல்
சாடியை எடுத்துத் துடைத்தேன்.
லேசாக இருந்தது.
மூக்கைப் பொத்தாமல் திறந்து பார்த்தேன்.
அடியில் இரண்டோ மூன்றோ.